அஞ்சலி நோட்டீஸில் பூனைக் காது

செத்த பிறகு தன் முகம் எப்படித் தெரிய வேண்டும் என்று மெத்தோதி தன் அறுபத்து நான்காவது வயதில், ஜூன் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை காப்பிக்குப் பிறகு யோசிக்க ஆரம்பித்தார். டான்யூப் கரையில் இருக்கும் லோம் ஊரில் இது ஒன்றும் விபரீதமான யோசனை இல்லை. அங்கே ஒருவர் போய்விட்டால் கறுப்புக் கட்டம் போட்ட நோட்டீஸ் ஒன்று அவர் வீட்டுக் கதவில், பேருந்து நிறுத்தத்தில், ரொட்டிக் கடைக்கு எதிரே இருக்கும் மரத்தில் என்று பதினைந்து இடத்தில் ஏறிவிடும். நாற்பதாம் நாளுக்கு இன்னொன்று, ஆறாம் மாதத்துக்கு இன்னொன்று, அப்புறம் வருஷா வருஷம். உயிரோடு இருந்தபோது யாரும் ஏறெடுத்துப் பார்க்காத முகத்தை ஊரே நின்று பார்க்கும். அதனால் விவரமானவர்கள் ஒரு நல்ல படத்தை முன்கூட்டியே எடுத்து, கடைசிப் பயணத்துக்கென்று மடித்து வைத்த சட்டையோடு அலமாரியில் வைத்துவிடுவார்கள். வைக்காதவர்களுக்கு அடையாள அட்டையில் இருக்கும் படம்தான் கதி. மெத்தோதியின் அடையாள அட்டைப் படத்தில் அவர் கோழி திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி இருந்தார்.

அவசரத்துக்குக் காரணம் கழுத்தில் வந்த கட்டி. இடது பக்கம், தாடைக்குக் கீழே, ஈஸ்டர் முடிந்து இரண்டு வாரத்தில் கொட்டைப்பாக்கு அளவுக்குத் தட்டுப்பட்டது. மே மாதம் அது எலுமிச்சை அளவுக்கு வந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போனார். வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வியாழக்கிழமை வரும் என்றார்கள். என்ன முடிவு வரும் என்பது மெத்தோதிக்குத் தெரியும். துறைமுகத்தில் அவரோடு இழுவைப் படகு எஞ்சின்களில் வேலை பார்த்தவர்களில் மூன்று பேர் இப்படித்தான் ஒரு கட்டியோடு ஆஸ்பத்திரிக்குப் போய், நோட்டீஸாகத் திரும்பி வந்தார்கள்.

அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மனைவி ராய்னாவிடம் சொல்லவே இல்லை. அவள் ஆறு வருஷமாக இத்தாலியில், பொலோனாவில், எண்பத்தாறு வயதுக் கிழவி ஒருத்திக்குச் சோறூட்டி, குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆகஸ்டில் மூன்று வாரம் வருவாள், போவாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மற்ற நாளெல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கு வீடியோவில் கூப்பிடுவாள். வெட்டுப்பட்ட இடத்தில் ஒட்டியிருந்த வெள்ளைப் பஞ்சை மறைக்க மெத்தோதி ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பூனையைத் தூக்கி இடது தோளில் வைத்துக்கொண்டு பேசுவார்.

"அது என்ன, இப்பெல்லாம் ராஜகுமாரியத் தோள்லயே தூக்கி வச்சுக்கற?" என்று அவள் கேட்பாள்.

"அதுவா ஏறி உக்காந்துக்குது. நான் என்ன பண்ணட்டும்?"

பூனையின் பெயர் போசா. அந்த ஊர்க் கடைகளில் காலையில் விற்கும் புளிப்பும் இனிப்புமான தானியக் கூழுக்கு அதுதான் பேர். பூனையும் அந்தக் கூழ் நிறம்தான். வயது ஒன்றரை. திமிருக்கு வயது இன்னும் அதிகம். விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் மார்பில் ஏறி உட்கார்ந்து, கண் திறக்கும்வரை முகத்தையே பார்க்கும். கத்தாது, பிறாண்டாது, பார்த்துக்கொண்டே இருக்கும். கடன் கேட்டு வந்தவன்கூட இதைவிடப் பரவாயில்லை என்று மெத்தோதி திட்டிக்கொண்டே எழுந்து மத்தி மீன் டப்பாவைத் திறப்பார். தின்று முடித்ததும் அது பால்கனிக்குப் போய் எதிர்க் கூரையில் கூடு கட்டியிருக்கும் நாரைகளைப் பார்த்துப் பல்லைக் கடிக்கும். அப்புறம் அவர் எதை விரித்தாலும் அதன்மேல் வந்து உட்காரும். செய்தித்தாளை விரித்தால் செய்தித்தாள்மேல், இஸ்திரி போடத் துணி விரித்தால் துணிமேல். அன்று அவர் விரித்தது பழைய புகைப்பட ஆல்பம், எனவே அதன்மேல்.

"தள்ளு. எனக்கு வேலை இருக்கு. நான் செத்தா நீ மட்டுமா பாக்கப் போற?" என்றார். போசா வாலை மட்டும் கொஞ்சம் நகர்த்திக்கொண்டது.

படம் தேர்ந்தெடுப்பது பத்து நிமிஷ வேலை என்று நினைத்திருந்தார். மத்தியானம் ஆகிவிட்டது.

முதல் பக்கத்தில் ஐந்து வயது மெத்தோதி. அரை டிராயர், முட்டியில் சிராய்ப்பு, வாயெல்லாம் பல். இரண்டு கையாலும் ஒரு கறுப்புப் பூனையை அக்குளில் பிடித்துத் தூக்கியிருந்தான். பூனையின் பின்னங்கால்கள் தரையைத் தொட்டன. அது கொல்லைப்புறத்துப் பூனை, பேர் கிடையாது, அம்மா அதைத் துடைப்பத்தால் மட்டுமே கூப்பிடுவாள். அடுத்தது ராணுவத்தில் எடுத்த படம். எல்லைக் காவல் சாவடி, பனி, கனத்த மேல்கோட்டு. கோட்டின் இரண்டாவது பொத்தானுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஒரு குட்டியின் தலை. சார்ஜெண்டுக்குத் தெரியாமல் வளர்த்தது, ஆனால் படம் எடுத்தவர் சார்ஜெண்ட்தான். கல்யாணப் படத்தில் ராய்னாவின் வெள்ளைக் கவுன் தரையில் புரள, அதன் நுனியில் யார் வீட்டுப் பூனையோ ஏறிச் சுருண்டு படுத்திருந்தது. படகில் எடுத்த படத்தில் 'அட்மிரல்' என்ற சாம்பல் கடுவன், எஞ்சின் மூடிமேல், தொப்பி இல்லாத குறைதான்.

பூனை இல்லாத படங்களும் இருந்தன. பிரச்சினை என்னவென்றால் அவற்றில் மெத்தோதியும் இல்லாத மாதிரி இருந்தது. சிறந்த மெக்கானிக் என்று பட்டயம் வாங்கும் படத்தில், தண்டனையைக் கேட்டுக்கொள்ளும் குற்றவாளி மாதிரி நின்றிருந்தார். மைத்துனன் கல்யாணத்தில் கழுத்துப்பட்டை இறுக்கி முகம் வீங்கியிருந்தது. முப்பது வருஷப் பணி முடிந்து விடை கொடுத்த படத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அது நோட்டீஸுக்குப் பொருத்தம்தான், ஆனால் கொஞ்சம் அதிகப் பொருத்தம்.

"என்ன கண்றாவி இது?" என்று போசாவிடம் கேட்டார். "உங்க கூட்டம் பக்கத்துல இல்லாம நான் ஒரு தடவைகூடச் சிரிச்சதில்லையா?"

கடைசியில் ஒன்று அகப்பட்டது. ஆறு வருஷத்துக்கு முன், ராய்னா முதல் தடவையாக இத்தாலிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், டான்யூப் கரையில் எடுத்தது. வெள்ளைச் சட்டை, காற்றில் பறக்கும் மிச்ச முடி. இடது தோளில் கிழவனாகிவிட்ட அட்மிரல். வலது பக்கம் ராய்னா, அவர் தோளில் கை போட்டபடி. மூன்று பேரும் நாளைக்கு யாரும் எங்கேயும் போகப் போவதில்லை என்பது மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இல்லை, அட்மிரல் சிரிக்கவில்லை. அவன் ஒருவனுக்குத்தான் விஷயம் தெரிந்திருந்தது. அவள் போன மூன்றாம் மாதம் அவனும் போய்விட்டான். மெத்தோதி படத்தை உருவி எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

சந்தைக்குப் பக்கத்தில் நெவெனாவின் அச்சுக்கடை. கல்யாணப் பத்திரிகை, ஞானஸ்நானப் பத்திரிகை எல்லாம் அடிப்பாள் என்று பலகையில் எழுதியிருக்கும். ஆனால் ஊரில் கல்யாணம் செய்கிற வயதுக்காரர்கள் எல்லோரும் ஜெர்மனியில் இருந்தார்கள். கடை ஓடியது நோட்டீஸால்.

"படம் ஒண்ணு பெருசு பண்ணணும். நோட்டீஸ் அளவுக்கு," என்றார் மெத்தோதி.

"யாருக்கு அண்ணே?"

"எனக்குத்தான்."

நெவெனா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தாள். "உடம்புக்கு ஏதாவதா?"

"சேச்சே. சும்மா, இருக்கட்டுமேன்னு."

"நல்லதுதான். எங்க மாமனார் மூணு படம் வச்சிருக்கார். வருஷா வருஷம் மாத்தறார். பழசுல வயசாத் தெரியுதாம்." படத்தை வாங்கி இயந்திரத்தில் வைத்தாள். "அடடே, அண்ணி. இவங்கள வெட்டிரணும். உசிரோட இருக்கறவங்க நோட்டீஸ்ல வரக்கூடாது."

"வெட்டு."

"பூனையும் வேண்டாமில்ல?"

"நோட்டீஸ்ல பூனை இருந்தா ஊரே சிரிக்கும்."

"வெட்டறேன். ஆனா அது கழுத்தோட ஒட்டில்ல உக்காந்திருக்கு. ரொம்ப வெட்டினா உங்க காது போயிரும். ஒரு நுனி இருக்கட்டும், தூரத்துலேருந்து தெரியாது. அண்ணி கையும் வராது போலிருக்கே. விரல் நல்லா அழுத்திப் பிடிச்சிருக்காங்க." அவள் பேர் கேட்டாள், பிறந்த வருஷம் கேட்டாள். "இன்னொரு தேதியக் காலியா விடறேன்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பொத்தானை அமுக்கினாள். ஒரு தாள் வந்தது. மெத்தோதி அதை மடித்து எடுத்துக்கொண்டு, யாரும் பார்க்கவில்லையே என்று பார்த்தபடி வீட்டுக்கு வந்தார்.

அவர் தலை மறைந்ததும் இயந்திரம் மிச்சத்தையும் துப்பியது. நோட்டீஸ் என்றால் பதினைந்து என்பது அதற்குப் பழக்கமாகியிருந்தது. நெவெனா அந்த நேரம் பின்கட்டில் மை டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தாள். அவள் கணவன் திமோ புதன்கிழமை விடிந்ததும், என்றைக்கும் போல இயந்திரத் தட்டில் இருந்த நோட்டீஸ்களை அள்ளிக்கொண்டு ஊரெல்லாம் ஒட்டக் கிளம்பினான். திமோ நேரம் தவறாத மனிதன். குடிக்க மாட்டான், கோணலாக ஒட்ட மாட்டான். எதையும் படிக்கவும் மாட்டான்.

புதன் காலை எட்டு மணிக்கு மெத்தோதி ரொட்டி வாங்கப் போனார். கடைக்காரி அவரைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டாள். ரொட்டியை நீட்டினாள், ஆனால் கையை உடனே இழுத்துக்கொண்டாள். ஏன் இவளுக்குக் காலையிலேயே பேய் பிடித்திருக்கிறது என்று நினைத்தபடி அவர் வெளியே வந்தார். எதிரே மரத்தில் தானே தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

'துயரச் செய்தி' என்று மேலே இருந்தது. நடுவில் அவர் முகம். கழுத்துக்குப் பக்கத்தில் கூர்மையாக, சாம்பல் நிறத்தில், ஒரு பூனைக் காது. வலது தோளில் உடம்பில்லாத ஒரு கை. 'அன்புக் கணவரும், தந்தையும், தாத்தாவுமான எங்கள் மெத்தோதி' என்று நெவெனாவின் இயந்திரத்தில் எப்போதும் இருக்கிற வாசகம். நீத்த நாளுக்கு நேரே ஒன்றுமில்லை, வெறும் வெள்ளை. அவருக்கு முன்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி, "சின்ன வயசுதான் பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். தேதி இல்லாததை யாரும் கவனிக்கவில்லை. முகத்தைப் பார்த்தார்கள், வயதைக் கணக்குப் போட்டார்கள், உச்சுக்கொட்டினார்கள், நடந்தார்கள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக்கு வரப் போகிற முடிவை யாரோ இன்றைக்கே ஒட்டிவிட்டார்கள் என்றுதான் தோன்றியது. தந்தை, தாத்தா என்ற இரண்டு சொற்களும் வேறு நெஞ்சில் குத்தின. நோட்டீஸைக் கிழித்து ரொட்டிப் பையில் திணித்துக்கொண்டார். பேருந்து நிறுத்தத்தில் இருந்ததையும் கிழித்தார். மூன்றாவது அவர் வீட்டுக் கீழ் வாசல் கதவிலேயே இருந்தது, அதைக் கிழிக்கக் கை ஓடவில்லை. வீட்டுக்கு வந்து சமையலறை நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். போசா வந்து மடியில் ஏறியது.

சிறிது நேரத்தில் வாசல் பூட்டில் சாவி திரும்பும் சத்தம். அதே கட்டடத்தில் இரண்டாம் மாடியில் குடியிருக்கும் யோர்தான்கா. அவசரத்துக்கு என்று ஒரு சாவி அவளிடம் எப்போதும் இருக்கும். கறுப்பு முக்காடு போட்டு, ஒரு கையில் இரண்டு சிவப்புக் கார்னேஷன் பூவும், இன்னொரு கையில் மீன் தலை போட்ட கிண்ணமுமாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள்.

"அநாதையாயிட்டியே கண்ணு. வா, நான் இருக்கேன் உனக்கு" என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குள் நுழைந்தவள், பூனையைப் பார்த்தாள், பிறகு பூனை உட்கார்ந்திருந்த மடியைப் பார்த்தாள், பிறகு அதற்கு மேலே பார்த்தாள். கிண்ணம் கீழே விழவில்லை. யோர்தான்கா முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள், அவள் கையிலிருந்து எதுவும் விழாது. அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"மெத்தோதி அண்ணே, நீங்க இந்த உலகத்துல இருக்கீங்களா, அந்த உலகத்துல இருக்கீங்களா?"

"இந்த உலகத்துலதான். உக்காரு. நெவெனா கடையில ஏதோ கோளாறு."

"நான் கீழ் வாசல்ல நோட்டீஸப் பாத்துட்டு ஓடி வரேன். கதவுலயே ஒட்டியிருக்கான் பாவி."

மெத்தோதி அவள் கையிலிருந்த இரண்டு பூவையும் வாங்கி, ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். இரட்டைப் படையில் பூ வைப்பது செத்தவர்களுக்குத்தான். "இதை நீ வச்சுக்கோ. ஒண்ணுன்னா நான் வாங்கிக்கறேன்."

அவள் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ. நான் ராய்னாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேனே."

மேஜைமேல் போன் அடித்தது. மெத்தோதி எடுத்தார். "ஹலோ."

மறுமுனையில் ராய்னா. "யார் பேசறது?"

"நான்தான்."

"நான்தான்னா யாரு?"

"மெத்தோதி."

ஒரு நாற்காலி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. "இன்னொரு தடவ சொல்லு."

"மெத்தோதி. உன் புருஷன். எனக்கு ஒண்ணும் ஆகல ராய்னா. அந்த நெவெனா தப்பா அடிச்சுட்டா, அவ புருஷன் தப்பா ஒட்டிட்டான்."

அவள் அழுதாள். நன்றாக, மூச்சு முட்ட அழுதாள். அழுது முடித்ததும் திட்டினாள். "பாவி மனுஷா. நான் இங்க கிழவிக்கு சூப் ஊட்டிட்டு இருந்தேன். கிண்ணம் அவ மடியிலயே கொட்டிருச்சு. பெத்த மகன் பேரே ஞாபகம் இல்லாதவ, அவ என்னைக் கட்டிப் பிடிச்சு முதுகத் தடவிக் குடுக்கறா. அவளுக்குப் புரிஞ்சுது, நான் புருஷனப் பறிகொடுத்தவ ஆயிட்டேன்னு. யோர்தான்காவ நான் வந்து கொல்றேன்னு சொல்லு."

"பக்கத்துலதான் இருக்கா. கேட்டுட்டுதான் இருக்கா."

யோர்தான்கா மீன் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு, சத்தம் போடாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

"சரி, நெவெனா அடிச்சா, திமோ ஒட்டினான். எல்லாம் புரியுது," என்றாள் ராய்னா. குரல் மாறியிருந்தது. "நீ எதுக்கு அங்க போன?"

மெத்தோதி மடியிலிருந்த பூனையைத் தடவினார்.

"படம் எடுக்கணும்னா பல் வலிங்கற ஆளு நீ. உனக்கு எதுக்கு இப்ப நோட்டீஸ் படம்? வீடியோவப் போடு."

அவர் பூனையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போட்டார். திரையில் அவள் கண் சிவந்து, தலை கலைந்து, கன்னத்தில் சூப்போடு இருந்தாள். வெகுநேரம் உற்றுப் பார்த்தாள்.

"மெத்தோதி. பூனையக் கீழ இறக்கு."

"அதுவா ஏறி…"

"இறக்கு."

இறக்கினார். வெள்ளைப் பஞ்சும் அதைச் சுற்றி மஞ்சளாகப் பூசிய மருந்தும் தெரிந்தன. அவள் கையை மட்டும் நீட்டித் திரையைத் தொட்டாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். கட்டி, கத்தி, வியாழக்கிழமை. ஒரு மாதமாக வாயில் வைத்திருந்த கல்லைத் துப்பியது மாதிரி இருந்தது.

"நான் வரேன்," என்றாள்.

"நாளைக்கு முடிவு தெரிஞ்சிரும். தெரிஞ்சுகிட்டு…"

"உன்னை யாரு கேட்டா? சாயங்காலம் பஸ் இருக்கு."

வியாழக்கிழமை காலை மெத்தோதி வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கிளம்பும்போது போசாவுக்கு இரண்டு வேளைக்கான சாப்பாடு வைத்தார். நடைக்கூடத்தில் உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்தில் எதிர்ச் சுவரில் இருந்த பல் துலக்கும் முறையைப் பதினோரு தடவை படித்தார். உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் மிலேவா ஐம்பது வயதுக்காரி, சிரிக்கத் தெரியாத முகம். காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"வீட்டில பூனை இருக்கா?"

மெத்தோதிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எதிர்பார்த்ததுதான். இருந்தாலும் இவ்வளவு பக்குவமாகச் சொல்வார்கள் என்று நினைக்கவில்லை. கையைத் தொடைமேல் அழுத்தி வைத்துக்கொண்டார்.

"ஒண்ணு இருக்கு டாக்டர். பக்கத்து வீட்டம்மாகிட்ட விட்டா பாத்துக்குவாங்க. நல்லாப் பாத்துக்குவாங்க."

"எதுக்கு அவங்க பாக்கணும்? நீங்க எங்கயாவது போறீங்களா?"

"அதை நீங்கதான சொல்லணும்."

டாக்டர் தலை நிமிர்ந்தாள். "ஐயா, நான் கேட்டது பூனை உங்களைக் கீறிச்சான்னு."

"எப்பதான் கீறல?"

"இந்தப் பக்கம், கழுத்துக்கிட்ட? ரெண்டு மூணு மாசம் முந்தி?"

கீறியிருந்தது. ஈஸ்டருக்கு முட்டைக்குச் சாயம் ஏற்றிய நாளில் போசா சிவப்புச் சாயக் கிண்ணத்துக்குள் இறங்கிவிட்டு, ராய்னாவின் வெள்ளை மேஜை விரிப்பில் ஒரு ஊர்வலம் போனது. பிடித்துக் குளிப்பாட்டப் பார்த்தார். அது அவர் தோள்மேல் ஏறி, காதிலிருந்து காலர்வரை நாலு கோடு போட்டுவிட்டு அலமாரி உச்சிக்குப் போய்விட்டது. சாயமா ரத்தமா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துக் கழுவியது ஞாபகம் வந்தது.

"அதுதான்," என்றாள் டாக்டர். "பூனை நகத்துல இருக்கற கிருமி. சில பேருக்கு நெறி கட்டும், இப்படிப் பெருசாவும் கட்டும். சோதனையில அதுதான் வந்திருக்கு. புத்துநோய் இல்ல."

"இல்லையா?"

"இல்ல."

"இந்தக் காகிதம் என்னோடதுதானா? பேரு சரியா இருக்கா? இப்ப ஊர்ல பேரு மாறிப்போகுது."

டாக்டர் பேரை வாசித்துக் காட்டினாள், பிறந்த தேதியை வாசித்தாள். மெத்தோதி இன்னொரு தடவை கேட்டார். அவள் இன்னொரு தடவையும் "இல்ல" என்றாள். அப்போது அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அறுபத்து நாலு வயது மனிதர், படகு எஞ்சினை ஒற்றைக் கையால் நெம்பியவர், ஒரு பெண் டாக்டருக்கு முன்னால் குழந்தை மாதிரி அழுதார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, பத்து நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தாள். "நகத்த வெட்டிவிடுங்க. கீறினா உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்க. பூனைய எங்கயும் அனுப்ப வேண்டாம்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ராய்னாவுக்குப் போன் செய்தார். லிண்டன் மரத்துப் பூ வாசனை வந்துகொண்டிருந்தது. இத்தனை நாளும் அது பூத்திருந்ததா என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது. அவள் முதல் மணியிலேயே எடுத்தாள். பின்னால் பேருந்தின் உறுமல்.

"சொல்லு. சட்டுன்னு சொல்லு."

"நெறி கட்டியிருக்கு. பூனை கீறினது."

"என்ன உளர்ற?"

"புத்து இல்ல ராய்னா. போசா கீறினதுல வந்த கட்டி. மாத்திரை குடுத்திருக்காங்க."

பேருந்து உறுமியது. அவள் பக்கத்தில் இருந்த யாரிடமோ, "பூனையாம், பூனை கீறினதாம், என் புருஷனுக்கு ஒண்ணும் இல்லியாம்" என்று சொல்வது கேட்டது. முன்சீட்டிலிருந்து யாரோ கை தட்டினார்கள். பிறகு அவள் நெடுநேரம் மூக்கைச் சிந்தினாள்.

"இப்ப நிஷ் ஊரத் தாண்டப் போகுது," என்றாள் கடைசியில். "அங்க இறங்கினா திரும்பிப் போற பஸ் கிடைக்கும். ஒண்ணும் இல்லன்னா நான் வந்து என்ன பண்ணப் போறேன்? திரும்பிடட்டுமா?"

ஆறு வருஷமாக இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் மெத்தோதி ஒரே பதில்தான் வைத்திருந்தார். உன் இஷ்டம் என்பார். மரியாதையான பதில் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அவள் ஆறு தடவை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறியிருந்தாள்.

"திரும்பாத. வீட்டுக்கு வா," என்றார்.

"எத்தனை நாளைக்கு?"

"தெரியல. எனக்கு நீ வேணும். வா."

அவள் போனை வைக்கவில்லை. நிஷ் வந்தது, போயிற்று, அவர் அந்த உறுமலைக் காதில் வைத்தபடியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பூனையை மேஜைமேல் உட்கார வைத்து, "கொலைகாரி" என்று கூப்பிட்டார். போசா அவர் மேஜையில் வைத்த மருந்துச் சீட்டை மோந்து பார்த்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்தது. நகம் வெட்டும் முயற்சி இரண்டு விரலோடு நின்றது. பிறகு சோப்பு.

ஆறரை மணிக்கு யோர்தான்கா வந்தாள். இந்த முறை மணி அடித்துவிட்டு வந்தாள், முக்காடு இல்லை. கையில் பெரிய தட்டு, மேலே துணி.

"கேள்விப்பட்டேன். ரொட்டிக் கடையில சொன்னாங்க," என்றாள். தட்டை மேஜையில் வைத்துவிட்டுச் சங்கடமாக நின்றாள். "இதை என்ன பண்றதுன்னு தெரியல அண்ணே. நேத்துக் காலையில நோட்டீஸப் பாத்த உடனே ஊறப் போட்டுட்டேன். ராய்னாவும் ஊர்ல இல்ல, இந்த மனுஷனுக்கு யாரு கோதுமை வேக வைப்பாங்கன்னு மனசு கேக்கல. அப்புறம் கொட்டவும் மனசு வரல. ரெண்டு கிலோ."

துணியை எடுத்தார். வேகவைத்த கோதுமை, மேலே பொடித்த அக்ரூட் பருப்பு, அதற்கும் மேலே வெள்ளைச் சர்க்கரை. செத்தவர்களின் ஆன்மாவுக்காகப் பங்கிடுவது. சர்க்கரையில் கிராம்பை அடுக்கி ஒரு சிலுவை வேறு போட்டிருந்தாள்.

மெத்தோதிக்குத் திடீரென்று பசித்தது. செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒழுங்காக ஒரு வாய் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு கரண்டியை எடுத்துச் சிலுவையின் கால் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்.

"அண்ணே, அது உங்களுக்கு… நீங்களே சாப்பிடலாமா?"

"எனக்காகத்தான செஞ்ச? நீயும் உக்காரு."

இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. ராய்னா. ஒரு நாள் முழுக்கப் பேருந்தில் நசுங்கிய சட்டை, வீங்கிய கால், ஒரு கையில் பெட்டி. இன்னொரு கையில், மீன் சந்தைக் கம்பத்திலிருந்து கிழித்தெடுத்த நோட்டீஸ். தப்பு தெரிந்ததும் திமோ நேற்று முழுக்க ஓடி ஓடிக் கிழித்தும் அது ஒன்று தப்பியிருந்தது.

"ஊரெல்லாம் என் கை தொங்குது," என்றாள். "கையில மோதிரம்கூடத் தெரியுது. எவளோ ஒருத்தி தோளப் பிடிச்சிருக்கறப்பவே செத்துட்டான்னு நினைக்க மாட்டாங்க?"

மெத்தோதி எழுந்தார். வாயில் கோதுமை இருந்ததால் எதுவும் சொல்ல முடியவில்லை. அவள் பெட்டியை வைத்துவிட்டு வந்து, அவர் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, பஞ்சைப் பார்த்தாள். இரண்டு விரலால் அதைச் சுற்றி மெதுவாக அழுத்திப் பார்த்தாள். பிறகு நெற்றியை அவர் தோளில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். யோர்தான்கா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கிழவி?" என்றார் மெத்தோதி ஒரு வழியாக விழுங்கிவிட்டு.

"மகன்கிட்ட வேற ஆள் பாத்துக்கச் சொல்லிட்டேன். புருஷன் செத்தா ஒரு வாரம் லீவு தருவானாம். சாகலன்னா எத்தனை நாள்னு கேட்டேன். அவனுக்குத் தெரியல." கண்ணைத் துடைத்துக்கொண்டு மேஜையைப் பார்த்தாள். "என்ன சாப்பிடறீங்க ரெண்டு பேரும்?"

"என் கோதுமை."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் கரண்டியையே வாங்கி ஒரு வாய் போட்டுக்கொண்டாள். மென்று பார்த்தாள். இத்தாலியிலிருந்து வந்து முதல் காரியமாகக் குறை கண்டுபிடித்ததில் அவள் முகமே தெளிந்தது.

"சர்க்கரை பத்தல."

"அவசரத்துல செஞ்சது," என்றாள் யோர்தான்கா. "அடுத்த தடவ நிறையப் போடறேன்."

"நிதானமாப் போடு," என்றாள் ராய்னா. "அவசரமே இல்ல."